ஆறு மாதம் எங்கே போயிற்று? மணலி நாயின் வெளிநாட்டுப் பயணமும் தனிமைப்படுத்தலின் இடமாற்றமும்

நீல் பெம்பர்டனும் மைக்கேல் வோர்பாய்ஸும் 2007-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் வெறிநோய் வரலாற்று நூல் தன் எல்லையைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது: 1830 முதல் 2000 வரை. தொடக்க ஆண்டைப் பற்றி எனக்கு வழக்கில்லை. முடிவாண்டைத்தான் மறுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் கூண்டில் வைத்துக் கண்காணிக்கும் முறைக்குப் பதிலாக, ஊசியும் இரத்தப் பரிசோதனையும் சான்றிதழும் போதும் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்ட ஆண்டு 2000. அத்துடன் ஒரு காலம் முடிந்தது என்பது டோவரிலும் கலேயிலும் நின்று பார்ப்பவருக்குச் சரி. வட சென்னையின் மணலியில் நின்று பார்த்தால் அந்த ஆண்டு எதுவும் முடியவில்லை. ஆறு மாதக் காத்திருப்பு மறையவில்லை, இடம் பெயர்ந்தது என்பதும், இந்திய நாயைப் பொறுத்தவரை அந்தப் பெயர்ச்சி 2012-இல்தான் நிகழ்ந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. முன்னோர் வாசிப்பு

பெம்பர்டன்–வோர்பாய்ஸ் நூலின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெறிநோயை வெறும் கிருமியின் கதையாக அவர்கள் எழுதவில்லை. வாய்ப்பூட்டு ஆணைகளை அமைச்சர் வால்டர் லாங் விடாப்பிடியாக நிறைவேற்றியதையும், நாய் வளர்ப்போர் அதை எதிர்த்து அணி திரண்டதையும், தீவு நாடு என்ற பெருமிதம் நோய்த்தடுப்புக் கொள்கையில் கலந்ததையும் சமூக வரலாறாக எழுதினர். 1897-இன் நாய் இறக்குமதி ஆணை, 1902-இல் நோய் ஒழிந்தது, முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் திரும்பி வந்த படைவீரர்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த நாய்களால் 1918-இல் அது மீண்டும் புகுந்தது, 1922-இல் மறுபடி ஒழிந்தது என்ற வரிசையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆறு மாதம் என்ற அளவு எந்த ஆண்டில் அசையாத விதியாக உறைந்தது என்பதை நான் இங்கே தீர்க்க முற்படவில்லை. தொடக்க ஆணைகளுக்கும் போருக்குப் பிந்திய நடைமுறைக்கும் இடையே அது படிப்படியாக இறுகியதாகவே தோன்றுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதுவே விதி என்பது என் வாதத்துக்குப் போதும்.

என் மறுப்பு இரண்டு. முதலாவது, இந்த வாசிப்பில் நாய் எப்போதும் உள்ளே வரும் பொருளாகவே இருக்கிறது. அது புறப்பட்ட கரை படத்தில் விழுவதே இல்லை. ஆனால் விதியின் சோதனைக் கட்டங்கள் அந்தக் கரையிலிருந்து வந்தவையும்தான். 1969-இல் கேம்பர்லியில் வெறிகொண்ட நாய் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1970-இல் நியூமார்க்கெட்டில் இறந்த நாய் பாகிஸ்தானிலிருந்து வந்தது. இரண்டுமே ஆறு மாதத்தை முழுதாகக் கழித்துவிட்டு வெளியே வந்த நாய்கள். அதிர்ந்துபோன அரசு காவலைச் சில காலம் எட்டு மாதமாகவும் பிறகு பன்னிரண்டு மாதமாகவும் நீட்டி, வாட்டர்ஹவுஸ் விசாரணைக் குழுவை அமர்த்தி, பின்னர் ஆறுக்கே திரும்பியது. ஆறு என்ற எண் உயிரியல் அளந்து தந்த அளவு மட்டுமல்ல, பழகிப்போன ஒரு சமரசமும் ஆகும் என்பதை இந்த ஏற்ற இறக்கம் காட்டுகிறது. அதைத் தீவின் உள்கதையாக மட்டும் படித்தால் எண்ணின் விடாப்பிடி விளங்காது.

இரண்டாவது மறுப்பே முதன்மையானது. 1998 செப்டம்பரில் இயன் கென்னடி தலைமையிலான குழு அறிக்கை தந்தது; 2000 பிப்ரவரி 28 அன்று செல்லப்பிராணிப் பயணத் திட்டம் தொடங்கியது. நாய்க்கு மைக்ரோசிப், வெறிநோய் ஊசி, ஊசி பலித்ததைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றும் இருந்தால் கூண்டு வேண்டாம் என்றாயிற்று. விடுதலை என்று கொண்டாடப்பட்ட இந்தத் திட்டத்தின் விதியை நுணுகிப் படித்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து ஆறு காலண்டர் மாதம் கழிந்த பிறகே நாய் பிரிட்டனுக்குள் வரலாம் என்று இருக்கிறது. அதே ஆறு! கூண்டுக்காரர் வீட்டில் கழிந்த ஆறு மாதம் உரிமையாளர் வீட்டுக்கு மாறியது. செலவும் பொறுப்பும் கண்காணிப்பும் கூடவே மாறின. இதை முடிவு என்று எழுதுவது, கடன் பத்திரம் பெயர் மாறியதைக் கடன் தீர்ந்ததாக எழுதுவதற்கு நிகர்.

2. நம் கரையிலிருந்து

2000-ஆம் ஆண்டுத் திட்டத்தில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் முதலில் இடம்பெற்றன; நோயற்ற தீவுகளும், பிறகு அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. காரணம் வெளிப்படை. காசௌலியில் 1900-இலும் குன்னூரில் 1907-இலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றியதே கடிபட்ட மனிதருக்கு மருத்துவம் பார்க்கத்தான். டேவிட் செம்பிள் 1911-இல் காசௌலியில் உருவாக்கிய நரம்புத்திசு ஊசி, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை நம் அரசு மருத்துவமனைகளில் வயிற்றைச் சுற்றிப் போடப்பட்டது. கடித்த பின் மனிதரைக் காப்பதில் நூறாண்டு போயிற்று. கடிக்குமுன் நாய்க்கு ஊசி போடும் வழக்கம் ஊர்முழுக்கப் பரவவில்லை. கன்டெய்னர் முற்றங்களிலும் எண்ணூர் நெடுஞ்சாலை லாரி வரிசைகளின் அடியிலும் தெருநாய்கள் திரியும் மணலியில், வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் இடையே ஒரு கேட்டுதான் தடை. அதுவும் பாதி நேரம் திறந்தே கிடக்கும்.

எனவே சென்னையிலிருந்து பிரிட்டன் சென்ற நாய் 2011 முடியும் வரை அங்கே கூண்டில்தான் ஆறு மாதம் கழித்தது. 2012 ஜனவரி 1 முதல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றிய விதியோடு ஒத்துப்போனது. பட்டியலில் இல்லாத நாடுகளின் நாய்களுக்கும் கூண்டு நீங்கியது. ஊசிக்குப் பின் 30 நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புச் சக்தி தெரிய வேண்டும். அந்த இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மூன்றானது, பிரிட்டனின் கூண்டு மணலி வீட்டுத் திண்ணையானது. நம் கரைக்கு உரிய ஆண்டு இதுதான்.

சான்று மெலிந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். 1947-க்குப் பின் ராயபுரம், வேப்பேரி, பெரம்பூர்ப் பகுதிகளிலிருந்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் திரளாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. அவர்கள் வளர்த்த நாய்கள் என்னவாயின? குடும்பப் பதிவுகளில் நாய் அரிதாகவே எழுதப்படும். ஆகவே இங்கே விதியிலிருந்துதான் ஊகிக்க முடியும். கூண்டுச் செலவு முழுவதும் உரிமையாளருடையது. புதிய ஊரில் வேலையும் வீடும் இன்னும் அமையாத குடும்பம் ஆறு மாதக் கூண்டுக் கட்டணத்தைச் சுமப்பது அரிது. அவ்வாறெனில், பிரிட்டனின் பார்வையில் தனிமைப்படுத்தல் என்ற பெயர் பெற்ற விதி, ராயபுரத்தில் பெரும்பாலும் பிரிவாகவே செயற்பட்டிருக்கும். அது கூண்டில் அடைத்த நாய்களைவிட, இங்கேயே விட்டுச்செல்ல வைத்த நாய்கள் மிகுதியாக இருக்க வேண்டும். கூண்டுப் பதிவேடுகளை மட்டும் எண்ணும் வரலாற்றில் இந்த நாய்கள் சேரா. இதை உறுதிப்பாடாகச் சொல்லவில்லை. ஆனால் மாற்று ஊகம் எதுவும் இதைவிட இலகுவாக நிற்கவில்லை.

3. ஒரு பாடபேதம்

என் வாதத்தின் அச்சாணி இரண்டு ஐரோப்பிய ஆவணங்களுக்கு இடையிலான சிறு பாடபேதம். பயணச் செல்லப்பிராணிகள் குறித்த 576/2013 என்ற ஒழுங்குவிதி 2014 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் இணைப்பு மூன்று மாதத்தை எந்த நாள் வரை எண்ணுகிறது? நாய் அந்த நாட்டிலிருந்து நகரும் நாள் வரை. அதற்கு முந்திய 998/2003-உம் நகரும் நாளையே சொன்னது. ஆனால் அதே விதியைச் செயற்படுத்த வந்த 577/2013-இன் மாதிரிச் சான்றிதழில், அரசு கால்நடை மருத்துவர் கையெழுத்திடும் வாக்கியம் வேறு கணக்குப் போடுகிறது. இரத்தம் எடுத்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டியது இந்தச் சான்றிதழ் வழங்கும் நாளுக்கு முன்.

வேறுபாடு சில நாள்தான். ஜனவரி 5-ஆம் தேதி இரத்தம் எடுத்த நாய் ஒன்றைக் கொள்வோம். ஒழுங்குவிதியின்படி அது ஏப்ரல் 5 அன்று விமானம் ஏறலாம். சான்றிதழ் பத்து நாள் செல்லும் என்பதால் மார்ச் கடைசியிலேயே கையெழுத்து வாங்கி வைக்கலாம். சான்றிதழின் வாசகப்படி ஏப்ரல் 5-க்கு முன் எந்த அதிகாரியும் பேனாவைத் தொடக் கூடாது. நடைமுறையில் வெல்வது சான்றிதழ்தான். விமான நிலையத்தில் காட்டுவது அதைத்தானே!

வரைவாளரின் கைப்பிழை என்று இதை ஒதுக்கலாம். அப்படியும் இருக்கலாம். ஆயினும் பிழையும் ஒரு திசையில்தான் சாய்ந்திருக்கிறது. காத்திருப்பு முடியும் புள்ளி விமான நிலையத்தைவிட்டு, சென்னையின் தெற்கு விளிம்பிலுள்ள பள்ளிக்கரணை மத்திய கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் மேசைக்கு வந்துவிட்டது. எல்லை என்பது இப்போது ஒரு கையெழுத்து. மணலியிலிருந்து நகரைக் குறுக்காகக் கடந்து நாயைக் கூட்டிப் போகிறவர், ஐரோப்பாவின் எல்லையைப் பள்ளிக்கரணையிலேயே தாண்டுகிறார்.

4. எதிர்வாதம்

கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. மூன்று மாதம் என்பது நோயின் அடைகாலத்தைக் கணக்கிட்டது; ஊசிக்கு முன்பே கடிபட்டிருந்தால் அதற்குள் நோய் வெளிப்பட்டுவிடும்; ஆகவே இது மருத்துவம், அதிகாரம் அல்ல என்பது அது. பாதி உண்மை. ஆனால் விதி ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணவில்லை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறது. குட்டியிலிருந்து ஐந்தாண்டு தவறாமல் ஊசி போட்ட மணலி நாயும், இரத்தம் நேற்றுத்தான் எடுத்ததென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மறுபுறம், ஜெர்மனியிலிருந்து வந்து மணலித் தொழிற்சாலையில் பணிபுரியும் பொறியாளரின் நாயை நினைத்துப் பாருங்கள். புறப்படுமுன்னே அங்கே இரத்தப் பரிசோதனை முடித்து, ஊசி இடைவெளியின்றித் தொடர்ந்திருந்தால், இதே தெருவில் மூன்றாண்டு திரிந்தபின்னும் அது காத்திருக்காமல் திரும்பலாம். இரண்டு நாய்களின் எதிர்ப்புச் சக்தியும் ஒன்றாக இருக்கலாம், தெருவும் ஒன்றே. வேறுபடுவது தாள் தொடங்கிய இடம்.

மைக்ரோசிப் விதி இதை இன்னும் அழுத்துகிறது. சிப் வைக்குமுன் போட்ட ஊசி சட்டத்தின் கணக்கில் சேராது. வட சென்னையில் பல வீடுகளில் ஊசி அட்டை இருக்கும், சிப் இருக்காது. டாக்டர் கையெழுத்தும் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் நிறைந்த அந்த அட்டை, விசா வந்த வாரத்தில் வெறுந்தாளாகிவிடுகிறது. பதினைந்து இலக்க எண் தோலுக்கடியில் ஏறிய நாளில்தான் நாய் சட்டப்படி பிறக்கிறது. பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஊசி செல்லாது, அதன்மேல் 30 நாள், அதன்மேல் மூன்று மாதம் என்று கூட்டினால், மணலியில் பிறந்த குட்டி ஏழு மாதத்தை நெருங்கும்போதுதான் ஐரோப்பா காணும்.

இதே கணக்கில் ஒரு சலுகையும் ஒளிந்திருக்கிறது. ஊசி விடுபடாத வரை அந்த இரத்தப் பரிசோதனை காலாவதியாவதில்லை. வெளிநாட்டு வேலை கனவாக இருக்கும்போதே சிப், ஊசி, பரிசோதனை மூன்றையும் முடித்து வைத்த குடும்பத்துக்குக் காத்திருப்பே இல்லை. தகவல் முன்கூட்டித் தெரிந்தவரைப் பழைய கூண்டு விதி மன்னித்ததில்லை. புதிய விதி மன்னிக்கிறது. காவலின் சுமை செல்வத்திலிருந்து தகவலுக்கும் பரவியிருக்கிறது.

5. காலவரிசை குறித்து

மற்ற நாடுகள் இந்த வாசிப்பை உறுதிப்படுத்துகின்றன, ஒரே சீராக அல்ல. ஜப்பான் இரத்தம் எடுத்ததிலிருந்து 180 நாள் கேட்கிறது. ஆறு மாதம் அங்கே உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக நாயை ஏற்பதில்லை. அங்கீகரித்த வேறொரு நாட்டின் வழியாகத்தான் வர வேண்டும். அமெரிக்கா 2021 ஜூலை 14 அன்று வெறிநோய் மிகுந்த நாடுகளின் நாய்களை நிறுத்திவைத்து, 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி கொணர்ந்தது. இந்தியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. இங்கே ஊசி போட்ட நாய்க்கு, நுழைவதற்குக் குறைந்தது 28 நாளுக்கு முன் எடுத்த இரத்தத்தின் முடிவு இருக்க வேண்டும். இல்லையேல் அங்கே 28 நாள் தனிமைப்படுத்தல். கூண்டும் இரத்தமும் ஒன்றுக்கொன்று மாற்று என்பதை இவ்வளவு பச்சையாக எழுதிய விதி வேறில்லை: இங்கே 28 நாள் அல்லது அங்கே 28 நாள்.

ஆகவே 1830 முதல் 2000 வரை என்ற காலவரையறைக்குப் பதிலாக, இந்தியக் கரைக்கு மூன்று கட்டங்களை முன்வைக்கிறேன். 2011 வரை நாய் சேர்ந்த ஊரில் கூண்டு. 2012 முதல் புறப்படும் ஊரில் காத்திருப்பு. 2024 முதல், அமெரிக்காவைப் பொறுத்தவரை, இரண்டுக்குமிடையே தேர்வு. மூன்றாவது கட்டத்தைத் தனியே பிரிப்பதா, இரண்டாவதின் நீட்சியாகக் கொள்வதா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. ஐரோப்பாவின் சான்றிதழ் வாசகம் அடுத்த திருத்தத்தில் நகரும் நாளுக்குத் திரும்பினால், பாடபேதத்தின் மேல் நான் கட்டிய வாதம் அந்த அளவுக்குத் தளரும். காத்திருப்பு புறப்படும் ஊரில் கழிகிறது என்ற முடிவு அப்போதும் தளராது. அது சான்றிதழின் ஒரு வரியில் மட்டுமின்றி, விதிகள் எண்ணத் தொடங்கும் நாளிலேயே இருக்கிறது.