கடைத்தெருவும் வக்ஃபும்: பினாங்கில் நம் முன்னோர் விட்டுச்சென்ற வணிகக் கட்டடங்கள்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன அதன் கோட்டைகளும் அரண்மனைகளும் வணக்கத்தலங்களுமே. கடைகளை நாடுவோர் மிகச் சிலர். கடை என்பது அன்றாடம் திறந்து அன்றாடம் மூடப்படுவது, கை மாறுவது, பெயர்ப்பலகை மாறுவது. அதில் வரலாறு தங்கும் என்று பலரும் கருதுவதில்லை. ஆனால் தமிழக முஸ்லிம்களாகிய நம்மைப் பொறுத்தவரை நிலை வேறு. மரக்கலமேறிச் சென்று பொருளீட்டிய நம் முன்னோர், சென்ற இடங்களில் அரண்மனைகள் எழுப்பவில்லை. அவர்கள் எழுப்பியவை பள்ளிவாசல்கள். அவற்றைச் சுற்றிக் கடைகள். அக்கடைகள் அழியுமாயின் நமது கடல்கடந்த வரலாற்றின் பாதி அவற்றோடு போய்விடும். இதற்கு மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரம் தக்கதொரு சான்றாகும்.

சூலியா தெருவின் தோற்றம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் ஃபிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கும்பினியின் உடைமையாக அறிவித்தார். ஆனால், சோழமண்டலக் கரை வணிகர்கள் அவரைப் பின்பற்றி அப்பகுதிக்கு வந்தவர்களல்லர். எதிர்க்கரையிலுள்ள கெடாவில் அவர்கள் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தனர். லைட் 1794இல் எழுதிய குறிப்பிலேயே இவ்வுண்மை காணப்படுகிறது. சூலியாக்களுள் பலர் கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும், கடைக்காரர்களும் கூலியாட்களுமாக ஆயிரம் பேரளவில் தீவில் குடியேறியுள்ளனர் என்றும் அவர் குறிக்கிறார். ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலில் வந்து, சில காலம் பொருளீட்டிவிட்டு ஊர் திரும்புவதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இச்சூலியாக்களின் தலைவராக, ‘கப்பித்தான் கெலிங்’ என்னும் பதவியில் விளங்கியவர் காதிர் முகைதீன் மரைக்காயர். 1801இல், மலபார் தெரு என்று அந்நாளில் வழங்கிய சூலியா தெருவின் தென்புறத்தில், பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் கும்பினியாரால் அளிக்கப்பட்டது. அங்கு எழுந்த பள்ளிவாசல் அவரது பதவிப் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. 1834இல் காலமான அவரது அடக்கத்தலம் அருகிலுள்ள கம்போங் கோலத்தில் இருக்கிறது. குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட இன்றைய தோற்றத்தைப் பள்ளிவாசல் பெற்றது 1910களில்தான். அப்பணிக்கு வடிவமைப்பு வழங்கியவர் நியூப்ரோனர் என்னும் கட்டடக் கலைஞர்.

பள்ளிவாசலைச் சூழ்ந்து ஒரு முழுமையான வணிகவுலகம் உருவாயிற்று. துணிக்கடைகள், நாணயமாற்றுக் கடைகள், நகைக்கடைகள், நூற்கடைகள், உணவுக்கடைகள், கிட்டங்கிகள் என அத்தெருக்கள் நிறைந்திருந்தன. மார்க்கெட் தெருவுக்குத் தமிழர் வழங்கிய பெயர் கடைத்தெரு. பினாங்குத் தெருவுக்கு வழங்கிய பெயர் கிட்டங்கித் தெரு. சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவோ இன்னும் வியப்புக்குரியது. அதன் வெளிச்சுவரிலேயே சிறு கடைகள் அமைக்கப்பட்டுள்ளன. வணக்கத்தையும் வணிகத்தையும் நம் முன்னோர் ஒரே சுவரின் இருபுறமாக வைத்திருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கு சென்று ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தியதும் இச்சூழலில்தான். கடையின் வருவாயே அச்சுக்கும் புலமைக்கும் புரவலாக இருந்தது.

கடைவீட்டின் அமைப்பு

இந்நகரின் வணிகக் கட்டடத்தைக் ‘கடைவீடு’ என்பர். கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் குடியிருப்பு, அல்லது சரக்கறை. முகப்பு குறுகியது, உட்புறம் நீண்டது. நடுவே, நம்மூர் வீடுகளின் நடுமுற்றத்தைப் போன்று, வானம் தெரியும் திறப்பு ஒன்று காற்றும் ஒளியும் தரும். முகப்பில், மேல்தளத்தின் நிழலில், வழிப்போக்கர் மழையும் வெயிலும் படாது நடப்பதற்கான பாதை உண்டு. இதனை மலாய் நாட்டுத் தமிழர் ‘அஞ்சடி’ என்றே வழங்குவர். சிங்கப்பூரில் 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இடம்பெற்ற இவ்வேற்பாடு, பின்னர் பினாங்கிலும் பரவியது. அஞ்சடியில் ஒட்டுக்கடை வைத்து, பின்னர் அக்கடைக்குள்ளேயே குடிபுகுந்து முதலாளியானவர்களின் கதைகள் நம் கரையோர ஊர்களில் இன்றும் பேசப்படுகின்றன.

இக்கட்டடங்கள் செங்கல், சுண்ணச்சாந்து, மரம், களிமண் ஓடு ஆகியவற்றால் ஆனவை. சுண்ணச்சாந்துச் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சினாலும் அதனை வெளியே விட்டுவிடும். அதன்மீது சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்துபோகும். உறுதிப்படுத்துவதாக எண்ணிச் செய்யப்படும் பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கெடுத்துவிடுவதுண்டு. எனவே பழையதைக் காப்பதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

வக்ஃபு என்னும் காப்பு

கடையையும் நிலத்தையும் காப்பதற்கு இஸ்லாமிய மரபு ஒரு வழியை முன்னரே வகுத்திருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் பயனை அறத்துக்கு வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபு என்பதன் அடிப்படை இதுவே. விற்கவோ வாரிசுரிமையாகப் பிரிக்கவோ இயலாத சொத்து. அதிலிருந்து வரும் வருவாய். அவ்வருவாய் சென்றுசேரும் நோக்கம். இம்மூன்றையும் அது ஒன்றாகப் பிணைத்தது. வருவாயில் முதல் உரிமை சொத்தின் பராமரிப்புக்கே என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விதித்தனர். கட்டடம் இடிந்தபின் அறம் எங்கிருந்து நடக்கும் என்பதே அவர்களது கருத்து.

பினாங்கின் சூலியா செல்வர்கள் இம்மரபைப் பின்பற்றினர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் நிலங்களும் கடைகளும் வக்ஃபாக இருந்தன. 1870இல் காலமான கப்பல் வணிகர் முகம்மது நூர்தீனும் அறக்கொடைகளை விட்டுச்சென்றார். அவர் குடும்பத்தின் அடக்கத்தலம் சூலியா தெருவிலேயே உள்ளது.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. வக்ஃபு என்ற பெயரளவிலேயே சொத்துகள் காக்கப்பட்டுவிடவில்லை. முத்தவல்லிகளிடையே பிணக்குகள் எழுந்தன, கணக்குகள் சீர்குலைந்தன. இதன் விளைவாக 1905இல் முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டு, அதன்வழி அமைந்த வாரியத்தின் கைக்கு நிர்வாகம் சென்றது. வாரியம் வருவாயைப் பெருக்கியது. பள்ளிவாசலின் புதுப்பணியும் அதன் காலத்தில்தான் நடந்தது. ஆனால் பள்ளிவாசலை ஒட்டியிருந்த பழைய குடியிருப்பு அகன்று, அங்கே வாடகைக் கடைகள் எழுந்தன. சொத்து காக்கப்பட்டது, அதைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் விலக நேர்ந்தது. பின்னாளில் நேரவிருந்த பெரியதொரு மாற்றத்திற்கு இது முன்னறிவிப்பு போல அமைந்தது.

வாடகைக் கட்டுப்பாடு: காத்ததும் கெடுத்ததும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறையின் காரணமாக வாடகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தியது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீட்டித்தது. மலேசியாவிலேயே இத்தகைய கட்டடங்கள் மிகுதியாக இருந்தது பினாங்கில்தான். அவற்றின் எண்ணிக்கை 12,000க்கும் மேல். உரிமையாளர் வாடகையை உயர்த்த இயலாது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. எனவே இடித்துவிட்டு உயர்ந்த கட்டடம் எழுப்புவதில் எவருக்கும் ஆதாயமில்லை. பழைய நகரம் பிழைத்ததற்கு இதுவே தலையாய காரணம். அதேவேளை, சொற்ப வாடகையைப் பெற்ற உரிமையாளர் ஓடு மாற்றவும் மனங்கொள்ளவில்லை. வக்ஃபுச் சொத்துகளின் வருவாயும் இவ்வாறே சுருங்கிற்று. ஆக, சிறுவணிகரைக் காத்த அதே சட்டம் அவர் தலைமேலிருந்த கூரையைச் சிதைத்தது.

இதற்கிடையே 1969இல் பினாங்கு தனது சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. நகரத்தின் பழைய வணிகத்துக்கு அது பேரிடி. நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்த ரஜூலா கப்பல் 1970களிலும், சிதம்பரம் கப்பல் 1980களிலும் ஓய்ந்தன. ஊரிலிருந்து புதிய இளைஞர் வந்து கடையில் அமரும் வழக்கமும் அவற்றோடு தேய்ந்தது.

வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறியது. 1999 டிசம்பர் 31உடன் இடைக்காலச் சலுகை முடிந்தது. மறுநாள் முதல் உரிமையாளர் கேட்டதே வாடகை. தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் இருந்தோர் பலர் கதவடைத்து வெளியேறினர். வெற்றுக் கடைவீடுகளுள் சில, உண்ணத்தக்க கூடுகளுக்காக உழவாரக் குருவிகள் வளர்க்கும் இருட்டறைகளாயின. மனிதர் வாழ்ந்த இடத்தில் பறவைகளின் எச்சமும் ஈரமும் சுவர்களை அரித்தன. அழியும் நிலையிலுள்ள நினைவுச்சின்னங்கள் பற்றிய உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் இடம்பெற்றது.

உலக மரபுடைமை என்னும் ஏற்பு

2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றது. 109 ஹெக்டேர் அளவிலான மையப் பகுதியும், அதனைச் சூழ 150 ஹெக்டேர் காப்புப் பகுதியும் வரையறுக்கப்பட்டன. காப்புப் பகுதியில் 18 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் கூடா என்ற வரம்பு வந்தது. அதனை மீறும் விடுதித் திட்டங்கள் நான்கினால் உடனடியாகவே சிக்கல் எழுந்தமையும், உயரம் குறைக்கப்பட நேர்ந்தமையும் நினைவுகொள்ளத்தக்கன. குருவிக் கூடங்கள் அகற்றப்பட்டன. சுண்ணச்சாந்தும் களிமண் ஓடும் மீண்டும் மதிப்புப் பெற்றன. இவை மறுக்கவியலாத நன்மைகள்.

ஆனால் முகப்பு அழகுற்ற அளவுக்கு உள்ளிருந்த வாழ்க்கை செழித்ததா? கடைவீடுகள் பல சொகுசு விடுதிகளாகவும் சிற்றுண்டியகங்களாகவும் மாறின. 2009இல் மரபுடைமைப் பகுதியில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த குடியிருப்போர் தொகை, 2013இல் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கியது. பட்டியலில் இடம்பெறுவதற்குக் காரணமாக இருந்தவை கட்டடங்கள் மட்டுமல்ல. பல சமயத்தாரும் மொழியினரும் அருகருகே தொழில் நடத்தி வாழ்ந்த வாழ்வும்தான். அவ்வாழ்வு நீங்கியபின் எஞ்சுவது அழகிய கூடு.

கேம்பல் தெருவில் 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா உணவகம் போன்றவை இன்னும் நம்பிக்கையளிக்கின்றன. ஒரே தொழில், ஒரே மரபு, வாடிக்கையாளரின் தலைமுறைகள். இதுவே கட்டடத்துக்கு உயிர். கடையைக் காப்பது அதில் நடக்கும் வணிகமே.

நமது கடமை

இங்கேதான் வக்ஃபு என்னும் மரபின் பொருத்தம் மீண்டும் புலப்படுகிறது. சந்தையின் கையில் விட்டால் வாடகை சிறுவணிகரை விரட்டும். வாடகையை உறையவைத்தால் கூரை விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி, நியாயமான வாடகையில் பராமரிப்புக்கு முதற்பங்கு ஒதுக்கி, பழகிய தொழில்களுக்கு முன்னுரிமை தருவதாகும். இலாபத்தை மட்டும் நோக்காத உரிமையாளரால்தான் இது இயலும். வக்ஃபு நிர்வாகம் அத்தகைய உரிமையாளராக இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். தமிழகத்திலும் எத்தனையோ பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் கடைகள் வக்ஃபாக இருக்கின்றன. அவற்றை இடித்து வணிக வளாகம் எழுப்பத் திட்டமிடும்போது, வாடகைக் கணக்கோடு வரலாற்றுக் கணக்கையும் நாம் பார்க்கவேண்டாமா?

மற்றொரு கடமை ஆவணம் பற்றியது. பினாங்குச் சூலியாக்களின் வரலாற்றை 2014இல் வெளிவந்த பெருநூலொன்றில் கூ சல்மா நசுத்தியோன் விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழில் அதற்கு ஈடான முயற்சிகள் பெருகவேண்டும். அதற்கான மூலங்கள் பினாங்கில் மட்டும் இல்லை. நாகூரிலும் காரைக்காலிலும் பரங்கிப்பேட்டையிலும் கீழக்கரையிலும், அக்கடைகளின் வருவாயில் எழுந்த வீடுகளின் பரண்களில், பேரேடுகளும் அர்வி எழுத்துக் கடிதங்களும் கடை முத்திரைகளும் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். வீட்டைப் புதுப்பிக்கும் நாளில் அவை பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதும், பெயரும் ஊரும் ஆண்டும் குறித்துவைப்பதும், முதியோரின் நினைவுகளை எழுதிக்கொள்வதும் எவருக்கும் இயன்ற பணிகள்.

சூலியா தெருவின் சுவர்களைப் பிறர் செப்பனிட்டுவிடலாம். அச்சுவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலையும், தொழுகை நேரத்தில் இறக்கப்பட்ட கடைப் பலகையையும், ஊருக்கு அனுப்பிய பணத்தையும் சொல்லவேண்டியவர்கள் நாமே.