பிசின்களின் துறைமுகம்: ஒட்டுநாடாவின் பிடிப்பும் சிங்கப்பூரும்

ஒட்டுநாடாவின் பிடிப்பைக் கூட்ட வேண்டும் என்றால் பசையைக் கூட்ட வேண்டும் என்றே பொதுவாக நினைக்கிறோம். இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளில் இந்த நாடா கண்ட பெரிய முன்னேற்றங்கள், பசையை இளக்கியும் அடக்கியும் சில நேரம் குறைத்தும் பெற்றவை. அந்த வரலாற்றின் மூலப்பொருள்களில் மூன்று மரத்திலிருந்து வடிந்தவை: கட்டாபெர்ச்சா, ரப்பர், சாம்பிராணி. மூன்றுக்கும் சிங்கப்பூர் ஒரு பெரிய சந்தையாக இருந்தது.

ரப்பர் வருவதற்கு முன் ஐரோப்பிய மருத்துவர்கள் கையாண்ட பிளாஸ்டர், ஈய ஆக்ஸைடை ஆலிவ் எண்ணெயில் காய்ச்சி எடுத்தது. துணியில் தடவி, அனலில் காட்டி இளக்கித்தான் ஒட்ட வேண்டும். குளிரில் வெடித்துவிடும், வெயிலில் வழிந்துவிடும். நம் சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் பற்று, களிம்பு, சீலை ஆகியவை உண்டு. மருந்து தோய்த்த துணியே சீலை. குங்கிலியப் பிசினில் செய்யும் குங்கிலிய வெண்ணெயும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. ஆனால் இவை பெரும்பாலும் மேலே ஒரு கட்டுப் போட்டால்தான் நிற்கும். மருந்து, துணி, பிடி மூன்றையும் ஒரே பொருளில் சேர்ப்பதுதான் 19ஆம் நூற்றாண்டு எதிர்கொண்ட சிக்கல்.

சிங்கப்பூர் இந்தக் கதைக்குள் நுழைவது ஓர் அறுவை மருத்துவர் வழியாக. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான வில்லியம் மாண்ட்கோமரி, 1842இல் இங்கே ஒரு மலாய்க்காரரின் பாராங் கத்தியைக் கவனித்தார். அதன் பிடி மரமும் இல்லை, கொம்பும் இல்லை. வெந்நீரில் போட்டால் இளகி, ஆறியதும் இறுகும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். வெப்பநாட்டில் ரப்பரால் செய்த அறுவைக் கருவிகள் பிசுபிசுத்துக் கெடுவதைக் கண்டிருந்த அவருக்கு, மருத்துவப் பயன்தான் முதலில் தோன்றியது. மாதிரிகளைக் கல்கத்தா மருத்துவக் குழுவுக்கும் லண்டனுக்கும் அனுப்பினார். சிங்கப்பூரில் வாழ்ந்த ஜோசே டி அல்மெய்டாவும் 1843இல் லண்டனில் இதே பொருளை அறிமுகப்படுத்தினார். சிங்கப்பூரின் இன்னொரு மருத்துவரான தாமஸ் ஆக்ஸ்லி 1847இல் எழுதிய கட்டுரையில், முறிந்த எலும்புக்குச் சிம்பு வைக்க இது எவ்வளவு தோதானது என்பதை எடுத்துச் சொன்னார். அதற்குள் தந்திக் கம்பி செய்தவர்கள் முந்திக்கொண்டார்கள். கடலடிக் கேபிளுக்கு உறை போட இதைவிட நல்ல பொருள் அன்று கிடையாது. பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் சில ஆண்டுகளிலேயே அரிதாகிவிட்டது. அதன் பிறகு சிங்கப்பூர் விற்றது சுற்றுப்புறத் தீவுகளின் சரக்கை.

ஆனாலும் கட்டாபெர்ச்சா மருத்துவத்தை விட்டுப் போகவில்லை. 1882 மார்ச் 28 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருந்தாளர் பால் பையர்ஸ்டோர்ஃப் ஒரு காப்புரிமை பெற்றார். மஸ்லின் துணியில் கட்டாபெர்ச்சாவை மெல்லிய படலமாகப் பூசி, அதன் மேல் அளவு குறித்த மருந்தைத் தடவுவது அவரது முறை. இதில் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா அவருக்குத் துணை நின்றார். இந்தப் பிளாஸ்டரைக் கட்டாபெர்ச்சாவே ஒட்டியது என்று சில நூல்கள் எழுதுகின்றன. அது பிழை. சாதாரண வெப்பநிலையில் கட்டாபெர்ச்சா ஒட்டாது. அது செய்த வேலை, மருந்தும் ஈரமும் துணி வழியே வெளியேறாமல் தடுத்தது. பிடிப்பு என்பது பசையின் குணம் மட்டும் அன்று, பசையைத் தாங்கும் முதுகின் குணமும்கூட என்பதற்கு இதுவே முதல் சான்று. தாங்கும் படலம் வளைந்து கொடுக்காவிட்டால், தோல் அசையும்போது விளிம்பிலிருந்து உரிய ஆரம்பிக்கும்.

பசை வேலைக்கு வந்தது ரப்பர். அமெரிக்காவில் ஹொரேஸ் டே, வில்லியம் ஷெகட் இருவரும் 1845இலேயே ரப்பரும் பிசினும் கலந்த பிளாஸ்டருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அது அனல் காட்டாமல், ஈரமாக்காமல், வெறும் விரல் அழுத்தத்தில் ஒட்டியது. பிந்தைய நாடாக்கள் அனைத்தும் இதன் வழித்தோன்றல்கள்.

இந்த விரல் அழுத்தத்தின் சூத்திரம் கொஞ்சம் விளக்கத்துக்கு உரியது. பச்சை ரப்பர் தனியாகத் தோலில் பிடிக்காது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளமானவை, மேற்பரப்பின் மேடுபள்ளங்களுக்குள் இறங்க மாட்டா. ஆகவே இரண்டு உருளைகளுக்கு நடுவே போட்டு மசிக்கிறார்கள். அந்த இழுவையிலும் காற்றின் ஆக்சிஜனிலும் சங்கிலிகள் அறுபட்டு ரப்பர் இளகுகிறது. பிறகு ரப்பரின் எடைக்கு ஏறக்குறைய ஈடாகப் பைன் பிசின் சேர்கிறது. பிசின் ரப்பரை இரண்டு வேகத்தில் நடந்துகொள்ள வைக்கிறது. மெல்ல அழுத்தினால் பாகுபோல் பரவும், வெடுக்கென்று இழுத்தால் திடப்பொருளாக எதிர்க்கும். 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் பின்னாளில் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். பசையின் விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலுக்கு மேல் போனால், எத்தனை நல்ல வேதிப்பொருளாக இருந்தாலும் அது ஒட்டாது. மறுபக்கம், அதிகமாக மசித்தால் பசை தனக்குள்ளேயே கிழிந்து, உரிக்கும்போது பாதி தோலிலும் பாதி துணியிலுமாக நின்றுவிடும். தொட்டவுடன் பற்றுவது, உரிப்பதை எதிர்ப்பது, பாரம் தொங்கினாலும் வழுக்காமல் நிற்பது ஆகிய மூன்றையும் தொழிற்சாலைகள் தனித்தனியே அளக்கின்றன. முதலாவதைக் கூட்டினால் பெரும்பாலும் மூன்றாவது குறையும். கடையில் "அதிகப் பிடிப்பு" என்று அச்சிட்ட பெட்டி, எந்தப் பிடிப்பு என்று சொல்வதில்லை.

பைன் பிசினில் அமிலம் உண்டு. ஒட்டிய இடம் சிவந்து அரிக்கும். பையர்ஸ்டோர்ஃப் நிறுவனத்தை 1890இல் வாங்கிய ஆஸ்கர் டிராப்லோவிட்ஸின் காலத்தில், தோலுக்கு ஆகாத அளவு பலமாக ஒட்டிய ஒரு பிளாஸ்டர் 1896இல் 'சீட்டோ' என்ற பெயரில் மிதிவண்டி டயர் ஒட்டும் நாடாவாகக் கடைக்குப் போனது. பொதுப் பயன்பாட்டு நாடாவின் பிறப்புச் சான்றிதழ் இதுதான் என்பேன். மருத்துவமனைக்குத் தேவையான பிடிப்பும் பட்டறைக்குத் தேவையான பிடிப்பும் அன்றைக்கே பிரிந்துவிட்டன. தோலுக்கான விடை 1901இல் 'லியூக்கோபிளாஸ்ட்' உருவில் வந்தது. அதில் கலந்த துத்தநாக ஆக்ஸைடு பிசினின் அமிலத்தை அடக்கியது, பசைக்கு உள்வலிமையும் தந்தது. அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 1899இலேயே அதே வழியில் இறங்கியிருந்தது.

இவ்வளவு பிளாஸ்டருக்கும் டயருக்கும் ரப்பர் எங்கிருந்து வந்தது? 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் இங்குள்ள தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கட்டாபெர்ச்சா மரத்துக்கு நேர்ந்த கதி பால்மரத்துக்கு நேராமல் போனதற்கு அந்தச் சீவல்தான் காரணம். இலங்கையில் ஜான் பார்க்கின், பாலை அசெட்டிக் அமிலம் விட்டு உறைய வைக்கும் முறையை 1899 வாக்கில் ஆராய்ந்து சொன்னார். மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் கத்தியோடு இறங்கியவர்களில் பெருந்தொகையினர் தமிழர். நாடாவின் வரலாற்றை எழுதுவோர் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பசையின் தரம் தோட்டத்திலேயே பாதி முடிவாகிவிட்டது. வெட்டுக்காயத்தில் காய்ந்து நின்ற ஒட்டுப்பாலில் பட்டைத்தூள் கலந்திருக்கும், நாடாவுக்கு உதவாது. வெள்ளைப் பிளாஸ்டருக்குத் தேவை வெளிர் கிரேப் என்ற ரப்பர் வகை. பாலில் சோடியம் பைசல்பைட் கலந்து நிறம் கறுக்காமல் காத்து, மெல்லிய தாளாக உருட்டி, புகை காட்டாமல் நிழலில் உலர்த்துவார்கள். புகைபோட்ட ஷீட் பழுப்பாக இருக்கும். பூஞ்சைக்கு அஞ்சாது, விலையும் மலிவு. அது டயருக்கும் முரட்டு நாடாவுக்கும் போகும்.

அந்தப் புகை சிங்கப்பூர் நகருக்குள்ளும் எழுந்தது. லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் பல வண்ணம் பூசி நிற்கும் டான் டெங் நியா வீட்டைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. 1900இல் கட்டிய வீடு. சிராங்கூன் சாலையில் மிட்டாய்த் தொழிற்சாலைகள் நடத்திய அவருக்கு, வீட்டின் பின்புறம் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடமும் இருந்தது. மாட்டுக்கொட்டிலும் பால்காரரும் மட்டும் அல்ல, ரப்பர்ப் புகையும் அந்த வட்டாரத்தின் பழைய வாசனைகளில் ஒன்று.

1925இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, இரண்டு நிறத்தில் கார் வண்ணம் பூசுவோருக்காக மறைப்பு நாடாவைச் செய்தார். அங்கே தேவைப்பட்டது உறுதியாக ஒட்டுவது மட்டும் அன்று, கீழே இருக்கும் வண்ணத்தைப் பிய்க்காமல் கழன்று வருவதும்தான். 1930இல் அவரது செல்லோபேன் நாடா வந்தது. பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரும் வழி ஏறக்குறைய அடைபட்டது. அமெரிக்கா அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. டயருக்கு அது ஒருவாறு ஈடு கொடுத்தாலும், தன்னோடு தான் ஒட்டும் குணத்தில் இயற்கை ரப்பருக்கு இணையாகவில்லை.

போருக்குப் பின் இயற்கை ரப்பருக்குப் போட்டி கடுமையானது. மலேசியா 1965இல் தரம் குறித்த ரப்பர் வகைகளை அறிமுகப்படுத்தியது. அவற்றில் ஒன்று நாடாக்காரர்களுக்கு மிகவும் பயன்பட்டது. கிடங்கில் இருக்க இருக்க ரப்பர் தானாகவே இறுகும். ஹைட்ராக்ஸிலமைன் சேர்த்தால் அந்த இறுக்கம் நின்று, பாகுநிலை மாறாமல் இருக்கும். ஒவ்வொரு மூட்டையையும் எவ்வளவு நேரம் மசிப்பது என்று ஊகிக்கும் தொல்லை குறைந்தது. நாடாவின் பிடிப்பு சுருளுக்குச் சுருள் மாறாமல் வந்ததில் இந்தச் சிறு திருத்தத்துக்கு உள்ள பங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

மருத்துவ நாடாவிலிருந்து ரப்பர் மெல்ல விலகியது. 1960ஐ ஒட்டி 3எம் கொண்டுவந்த மைக்ரோபோர் காகித நாடாவில் இருந்தது அக்ரிலிக் பசை. அதற்குப் பைன் பிசின் தேவை இல்லை, அரிப்பும் குறைவு. நுண்துளை வழியே வியர்வை ஆவியாகும். ஒட்டிய கணத்தில் பிடி சுமார்தான், நேரம் போகப் போக உடல் சூட்டில் தோலின் வரிகளுக்குள் இறங்கி இறுகும். ஒட்டியவுடன் சோதித்துப் பார்த்து "இது பிடிக்கவில்லை" என்று இன்னொரு சுற்று சுற்றுவோர் இதை அறிவதில்லை. 1997இல் அமெரிக்க அரசு, இயற்கை ரப்பர் பால் உள்ள மருத்துவப் பொருள்களில் ஒவ்வாமை எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று விதித்ததும் ரப்பர் பிளாஸ்டரின் இடம் மேலும் சுருங்கியது. இன்று சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் விலை பேசப்படும் ரப்பரில் பெரும்பகுதி டயருக்குத்தான்.

அண்மைக்கால ஆய்வு பிடிப்பை வேண்டும்போது இயக்கவும் நிறுத்தவும் பார்க்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜிம்மி ஷியா தலைமையிலான குழு 2024இல் ஒரு வடிவ நினைவுப் பாலிமர் ஒட்டியை அறிவித்தது. சூட்டில் ரப்பராக இளகி மேற்பரப்பைத் தழுவும், ஆறினால் கண்ணாடிபோல் இறுகிப் பிடிக்கும், மீண்டும் சூடு காட்டினால் விட்டுவிடும். சுவரில் மாட்டவும் ரோபோவின் கைகளுக்கும் அருமையான யோசனை. தோலுக்கு அது அப்படியே பொருந்தாது என்பது என் கணிப்பு.

தோலின் சிக்கல் இங்கே தட்பவெப்பத்தோடு கலந்தது. ஆண்டுச் சராசரியாகப் பகல் உச்ச வெப்பம் 31 டிகிரிக்கு மேல், சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வைப் படலத்தின் மேல் எந்தப் பசையும் தோலைத் தொடுவதில்லை, தண்ணீரைத்தான் தொடுகிறது. அதனால் உலரத் துடைப்பது, முடியை மழிக்காமல் கத்தரிப்பது, நாடாவை இழுத்து ஒட்டாமல் தளர வைத்து நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்துவது, மூலைகளை வட்டமாக வெட்டுவது ஆகியவை விலை உயர்ந்த நாடாவைவிடப் பலன் தரும்.

இவை போதாத இடத்தில்தான் மூன்றாவது மரம் வருகிறது. சிராங்கூன் சாலைக் கடைகளில் பூசைக்கு விற்கும் சாம்பிராணிக் கட்டி, சுமத்ரா மரத்தின் பிசின். சிங்கப்பூர் வழியாக நெடுங்காலம் கப்பலேறிய சரக்கு. அதே பிசினைச் சாராயத்தில் கரைத்து, கற்றாழைச் சத்தும் வேறு பிசின்களும் சேர்த்தால் மருந்தகத்தின் டிங்சர் பென்சாயின். தையலுக்குப் பதில் காயத்தை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய பட்டைகளுக்கு அடியில் மருத்துவர்கள் இன்றும் இதைத் தடவுகிறார்கள். சாராயம் ஆவியாகி, தோலில் பிசுபிசுப்பான படலம் நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பட்டையை வைக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடி குறையும், தோலும் எரியும். காயத்துக்குள் படக் கூடாது. சிலருக்கு இதனாலேயே ஒவ்வாமை வரும், ஆகவே மஸ்தகி மரப்பிசினில் செய்த மாற்றுத் திரவங்களும் உண்டு.

சாம்பிராணி கூட்டிய பிடி முதியவரின் தோலில் எதிரியாகிவிடும். வயதாக ஆக மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. நாடாவை உரிக்கும்போது பசை விடாமல் தோல் விட்டுவிடும். நாடாவால் வரும் இவ்வகைத் தோல் காயங்களுக்கு 2013இல் ஒரு நிபுணர் குழு தனிப் பெயரும் வரையறையும் கொடுத்தது. முதியோர் பெருகிவரும் சிங்கப்பூரின் மருத்துவமனைகளுக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று. அங்கே பொருத்தமானது சிலிக்கோன் பசை. மிக மென்மையானதால் தொட்டவுடன் தோலின் எல்லாச் சுருக்கங்களிலும் படிகிறது, இழுக்கும்போது தோலின் செல்களைப் பெயர்க்காமல் வருகிறது, பெரும்பாலும் எடுத்து மறுபடி ஒட்டலாம். கனமான குழாயை அது தாங்காது. குழாய்க்கு அக்ரிலிக், அதன் அடியில் தோலைக் காக்கும் படலத் திரவம், எடுக்கும்போது ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு நாடாவைத் தோலை ஒட்டியே மடக்கி மெல்ல உரிப்பது என்பதே இப்போதைய நடைமுறை.