கட்டளை தெரியும், மொழி தெரியாது

காலை ஐந்து மணிக்குக் கொளவாய் ஏரிப் பக்கம் ஓட ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் கரையை ஒட்டிய தண்டவாளத்தில் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில் கடக்கும். அதற்குள் மூன்று கிலோமீட்டர் முடித்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. முடிக்காத நாளில் ரயில் ஜன்னலில் இருப்பவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும்.

அப்போது எனக்கு இருபது வயது. செங்கல்பட்டில் கல்லூரி, என்.சி.சி.யில் அண்டர் ஆஃபீசர். டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போய்வந்தவன் என்பதால் தெருவில் கொஞ்சம் மவுசு. அடுத்த கனவு ஒய்.இ.பி. என்கிற இளைஞர் பரிமாற்றத் திட்டம். நட்பு நாடுகளின் கேடட்கள் இங்கே வருவார்கள், நம்மவர்கள் அங்கே போவார்கள். என் மனதில் இருந்த நாடு சிங்கப்பூர்.

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தேன். நடப்புச் செய்திகள், குழு விவாதத்துக்கான தலைப்புகள், முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பதுவரை அதில் உண்டு. கடைசிப் பக்கங்களில் மலாய் வார்த்தைகள். காலை வணக்கத்துக்கு ‘செலாமத் பாகி’, நன்றிக்குத் ‘தெரிமா காசி’. ராத்திரி அதை உருப்போடும்போது அம்மா கேட்டாள்: “காசிக்கா அனுப்புறாங்க உன்னை?”

ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போவேன். மணலில் ஓடினால் கால் உறுதிப்படும் என்று சீனியர் ஒருவர் சொல்லியிருந்தார். அப்படிப் போன ஒரு நாள், ஓடி முடித்துவிட்டு ஐந்து ரதங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். தர்மராஜ ரதத்தின் முன்னால் ஒரு வெளிநாட்டுப் பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். மேலே செதுக்கியிருந்த எழுத்துகளைக் காட்டி, “இது என்ன மொழி? என்ன சொல்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, “பழைய தமிழ். ராஜா கோயில் கட்டியதைச் சொல்கிறது” என்றேன்.

அவள் அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னது தப்பு. அது பல்லவ கிரந்த எழுத்து, மொழி சமஸ்கிருதம், அங்கே இருப்பவை அரசனின் பட்டப்பெயர்கள். இது எனக்குத் தெரியவர இன்னும் சில வருடங்கள் ஆயின. நாட்டின் பண்பாட்டுத் தூதனாகப் போகத் தயாராகிக்கொண்டிருந்தவன், சொந்த ஊர்க் கல்லைப் பற்றி வாய்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன்.

தேர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. என்னைவிட நன்றாகச் செய்தவர்கள் போனார்கள், அவ்வளவுதான். முகாமில் பழக்கமான நண்பன் ஒருவனுக்கு சிங்கப்பூரே கிடைத்தது. திரும்பி வந்ததும் போன் செய்தான். பெரிய கட்டடம், சாப்பாடு, ஷாப்பிங் எல்லாம் சொல்லிவிட்டு, “ஒரு விஷயம் தெரியுமாடா? அங்க பரேட் முழுக்க மலாய்ல. சீனப் பையன், தமிழ்ப் பையன் எல்லாருமே ‘செடியா’ன்னு சொன்னா அட்டென்ஷன்ல நிக்கிறான். நாம ‘சாவ்தான்’னு சொன்னா நிக்கிற மாதிரி” என்றான். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நம்ம ஊர்ல எப்பவாவது நம்ம பாஷைல பரேட் நடந்திருக்குமா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் என்னை வரலாற்றுப் புத்தகங்களுக்குள் தள்ளியது. இந்தக் கட்டுரை அவனுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

*

வெளிநாட்டுப் பயிற்சிக்குக் கடல் தாண்டிப் போகும் கேடட்டாக என்னை நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். ஆனால் செங்கல்பட்டுச் சீமையின் கதையில் கேடட் எதிர்த்திசையில் வருகிறான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கேடட்கள் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். கம்பெனி இயக்குநர் ஒருவரின் சிபாரிசு கிடைத்தால் போதும், கப்பல் ஏறிவிடலாம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர நான்கைந்து மாதம் ஆகும். சோழமண்டலக் கரையோரமாக வடக்கே ஏறும் கப்பல்களுக்கு மாமல்லபுரத்துக் கோயில்கள் ஓர் அடையாளம். மாலுமிகள் அதை ‘ஏழு பகோடாக்கள்’ என்றார்கள். அது கண்ணில் பட்டால் மதராஸ் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அலைக்கு வளைந்துகொடுக்கும் மசூலா படகில் நனைந்தபடி கரை இறங்க வேண்டும். முதல் வருடம் முழுக்க அவனுக்கு ‘கிரிஃபின்’ என்று பெயர். நம் ஊர் ஹாஸ்டலில் ‘ஃபர்ஸ்ட் இயர்’ என்று கூப்பிடுவார்களே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

வந்த பையன்களைப் பழக்க, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி ஓர் இடத்தை வைத்திருந்தது: திருப்பாச்சூர். திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் பாடல் பெற்ற தலம். ஆங்கிலேயர் வாயில் அது ‘திரிப்பசூர்’. ஹைதர் அலியிடமிருந்து 1781 ஆகஸ்டில் ஐர் கூட் பிடித்த கோட்டை அது. 1997-ல் மாவட்டம் பிரியும்வரை அந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம்தான். கல்கத்தாவுக்கு அருகே பராசத்திலும் இப்படி ஒரு கேடட் பள்ளி நடந்தது. பையன்களின் அட்டகாசம் தாங்காமல் 1811-ல் அதை மூடிவிட்டார்கள்.

இந்தப் பையன்கள் என்ன மொழி படித்தார்கள்? இந்துஸ்தானி. 1809-ல் லண்டனுக்குத் தெற்கே அடிஸ்கம்பில் கம்பெனி தொடங்கிய ராணுவப் பள்ளியிலும் அதுவே பாடம். ஜான் ஷேக்ஸ்பியர் என்பவர் பேராசிரியர். இலக்கணமும் அகராதியும் எழுதினார். மதராஸ் வந்த பிறகு ஒரு முன்ஷியை அமர்த்திக்கொண்டு படித்து, தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டாளத்தில் நல்ல பதவி. மதராஸ் ரெஜிமென்ட்களில் தமிழர், தெலுங்கர், தக்காணத்து முஸ்லிம்கள் எல்லாரும் கலந்திருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக ஒரு பேச்சு வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அணிவகுப்புக் கட்டளையோ ஆங்கிலத்தில். ஆக, திருப்பாச்சூரில் நின்ற பையன் ஆங்கிலத்தில் கத்தினான், இந்துஸ்தானி படித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஓட்டிப்போனவர் பேசியது மட்டும் அவன் பாடத்திட்டத்தில் இல்லை.

அந்தப் பாடப் புத்தகங்களும் ஒரு மாதிரியானவை. கில்கிறிஸ்ட் எழுதிய இந்துஸ்தானி கையேடுகளில் உள்ள உரையாடல்கள் பெரும்பாலும் வேலைக்காரரை ஏவும் வாக்கியங்கள். கொண்டு வா, எடுத்துப் போ, சும்மா இரு. மானிடவியலாளர் பெர்னார்ட் கோன் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரை, ஆள்வதற்காகவே ஒரு மொழியைக் கற்ற இந்த முறையை விரிவாக அலசுகிறது. அதைப் படித்தபோது எனக்கு என் நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான் ஞாபகம் வந்தன. வணக்கம், நன்றி, எவ்வளவு விலை. எதிராளி பதில் சொன்னால் புரிந்துகொள்ள ஒரு வார்த்தையும் நான் எழுதிவைக்கவில்லை.

*

பதில் புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் சாட்சி. 1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி வைக்கக் கூடாது. கூடவே புதிய தலைப்பாகை. சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். எதிர்ப்புக் காட்டியவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

1806 ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று சொன்னார். கர்னல் அதை விசாரிக்கச் சொன்னது படையின் இந்திய அதிகாரிகளிடமே. ‘இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்றார்கள் அவர்கள். முஸ்தபா பேக்கைக் காவலில் வைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை எழுந்துவிட்டது. அன்று இறந்த ஐரோப்பியர் நூறுக்கு மேல். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்த பிறகு கொல்லப்பட்ட சிப்பாய்கள் சில நூறு பேர்.

வேலூருக்கு மொழி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மதம், சம்பளம், திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்தது என எல்லாம் உண்டு. ஆனால் அந்த மாதங்களைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. மேலிருந்து உத்தரவு தெளிவாகக் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. கீழிருந்து பேச்சு மேலே போக வழியில்லை. ஒருவர் உயிரைப் பணயம் வைத்து நேரே வந்து சொன்னபோதும், அவர் சொல்வது உண்மையா என்று எடைபோட அதிகாரியிடம் சொந்தக் காது இல்லை.

இதை உணர்ந்த அதிகாரிகள் இல்லாமல் இல்லை. 1833-ல் மதராஸ் வந்து பல்லாவரத்தில் கிரிஃபினாக இருந்த ஆல்பர்ட் ஹெர்வி, 1850-ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் இளம் அதிகாரிகளுக்குச் சொல்லும் முக்கியமான புத்திமதி மொழியைப் படி என்பதுதான்.

*

இதே கடற்கரையில் வேறு மாதிரி கற்றவர்களும் இருந்தார்கள்.

காலின் மெக்கென்ஸி 1783-ல் மதராஸுக்குக் கேடட்டாக வந்து இறங்கினார். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். தென்னாட்டின் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் மலைபோலச் சேர்த்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு இந்த ஊர் மொழிகள் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, காவலி போரய்யா, லட்சுமய்யா போன்ற சகோதரர்களை நம்பி வேலை செய்தார். மாமல்லபுரம் பற்றி லட்சுமய்யா தொகுத்த குறிப்பு, 1869-ல் கார் என்ற ராணுவ அதிகாரி பதிப்பித்த ‘ஏழு பகோடாக்கள்’ தொகுப்பில் இருக்கிறது.

இன்னொருவர் பெஞ்சமின் பாபிங்டன். இளம் வயதில் கடற்படையில் மிட்ஷிப்மேன், அதாவது கப்பலில் வேலை பழகும் பையன். பிறகு மதராஸ் சிவில் பணிக்கு வந்து தமிழ் படித்தார். எல்லிஸ் முன்னின்று 1812-ல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர்கள் வெள்ளைக்கார இளைஞர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. நாம் சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த பரமார்த்த குரு கதையை, தமிழ் மூலத்தோடு 1822-ல் லண்டனில் வெளியிட்டவர் அவர்தான். பிறகு மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, தெரிந்த எழுத்திலிருந்து தெரியாத எழுத்துக்கு ஒவ்வொன்றாக நகர்ந்து, படித்துக் காட்டினார். 1830-ல் அந்தக் கட்டுரை அச்சானது. ரதங்களின் பட்டப்பெயர்கள் பல நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடியும் மனித வாயில் ஒலித்தன. ஊர் திரும்பி மருத்துவரான பாபிங்டன், 1829-ல் கண்ணாடி வைத்துத் தொண்டைக்குள் பார்க்கும் கருவி ஒன்றையும் செய்தார்.

அவரும் ஆள வந்த கூட்டத்தைச் சேர்ந்தவரே. அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் பரமார்த்த குருவும் சீடர்களும் அடிக்கும் கூத்துக்குச் சிரிக்க, உத்தரவு போடும் தமிழ் போதாது. அவர் அதைத் தாண்டிப் போயிருந்தார். நான் ‘பழைய தமிழ்’ என்று அடித்துவிட்ட அதே எழுத்துகளின் முன்னால் அவர் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

*

நண்பனின் கேள்விக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு அணிவகுப்புக் கட்டளைகள் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாறின. 1948-ல் தொடங்கிய என்.சி.சி.க்கும் அதுவே. 1965 போராட்டத்தின் சூடு ஆறாத நிலையில், அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் ஒரு வரி நம்மைப் பற்றியது: என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது. மும்மொழித் திட்டம் வேண்டாம் என்ற பகுதியை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பரேட் மைதானத்தைப் பற்றிய வரியை மறந்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து நான் ‘சாவ்தான்’ கேட்டு நின்றேன். ‘தஹினே முட்’ என்றால் வலதா இடதா என்று தெரியாமல், பக்கத்தில் நிற்பவன் தோளைப் பார்த்துத் திரும்பிய முதல் வருடம் எனக்கும் உண்டு.

அதனால் கட்டளையைத் தமிழில் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சிங்கப்பூரில் மலாய், இங்கே இந்தி, அன்றைக்கு ஆங்கிலம். கட்டளை எந்த மொழியில் இருந்தாலும் அது பத்து வார்த்தைதான், ஒரு வாரத்தில் பழகிவிடும். பிரச்சினை அந்தப் பத்து வார்த்தையோடு பயிற்சி முடிந்துவிட்டதாக நினைப்பதில் இருக்கிறது. திருப்பாச்சூர்ப் பையன் அப்படி நினைத்தான். இருபது வயதில் நானும் அப்படித்தான்.

இப்போது ஜூனியர்கள் சிலர் ஒய்.இ.பி. தேர்வுக்கு யோசனை கேட்டு வருகிறார்கள். நான் அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போகிறேன். மணலில் ஓட்டம் உண்டு. முடிந்ததும் வலை உலர்த்தும் மீனவர் யாரிடமாவது பத்து நிமிடம் பேசிவிட்டு, அவர் சொன்னதில் தங்களுக்குத் தெரியாத மூன்று வார்த்தைகளை எழுதிக்கொண்டு வர வேண்டும். ‘கச்சான்’ என்று ஒரு காற்று இருப்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. போன மாதம் ஒரு பெண் முனகினாள்: “சார், இன்டர்வியூல இதெல்லாமா கேப்பாங்க?”

கேட்க மாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் தர்மராஜ ரதம் பக்கம் கூட்டிப்போனேன். மேலே இருக்கும் எழுத்துகளில் இப்போது எனக்கு நாலைந்து அடையாளம் தெரியும். ‘ந’ எது என்று காட்டினேன். அவள் தன் நோட்டில் அதை வரைந்துகொண்டாள். மற்றதெல்லாம் எனக்கு இன்னும் படிக்கத் தெரியாது என்றும் சொன்னேன்.