இளவரசரின் புட்டியும் ஐதராபாத்தின் திரையும்

ஐதராபாத்தின் குஷாய்குடாவிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் அதே நகரத்தின் மறுகோடியில், பிரகதி நகரில், இந்தியப் பெருங்கடலில் நங்கூரமில்லாமல் அலையும் மிதவைகள் அனுப்பும் செய்திகள் நாள்தோறும் வந்திறங்குகின்றன. இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், இருப்பது அங்கேதான்.

இந்த மிதவைகளின் மூதாதை, வெறும் புட்டி. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1885 முதல் சில ஆண்டுகள் அட்லாண்டிக்கில் பீப்பாய், செம்பு உருண்டை, கண்ணாடிப் புட்டி என்று 1,675 மிதவைகளை விட்டார். உள்ளே பல மொழிகளில் ஒரு சீட்டு: கண்டெடுத்தவர் இடத்தையும் தேதியையும் எழுதி அனுப்ப வேண்டும். 227 பதில்கள் வந்தன. யாரென்றே தெரியாதவர்களை நம்பிச் செய்த வேலைக்கு இது நல்ல வசூல்தான்! முதல் உலகப் போர் முடிந்து, அறுபட்ட கண்ணிவெடிகள் கடலில் மிதந்தபோது, அவை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல இந்தப் பதில்களிலிருந்து போட்ட நீரோட்டக் கணக்கே கைகொடுத்தது.

புட்டி மேற்பரப்பை மட்டுமே அறியும். ஆழத்துக்கு வழி காட்டியவர் ஆங்கிலேயர் ஜான் ஸ்வாலோ. 1955இல் அவர் எடுத்துக்கொண்டது கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் அலுமினியக் குழாய். கனம் கூடுதலாக இருந்ததால் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துச் சுவரை அரித்து மெல்லியதாக்கினார். நினைத்த ஆழத்தில் நின்று, ஒலி எழுப்பிக்கொண்டே நீரோடு போனது அது. 1957இல், வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில் தண்ணீர் தெற்கே ஓடுகிறது என்பதை இந்தக் குழாய்களே காட்டின.

1978இல், மிதவை இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆர்கோஸ் செயற்கைக்கோள் ஏற்பாடு வந்தது. சீட்டுக்காகக் காத்திருக்கும் வேலை ஒழிந்தது. ஆனாலும் விபத்துகளின் தயவு குறையவில்லை. 1992 ஜனவரியில் பசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த பெட்டி உடைந்து, சுமார் 28,800 குளியலறைப் பொம்மைகள் கடலில் கொட்டின. பத்து மாதம் கழித்து பிளாஸ்டிக் வாத்துகள் அலாஸ்காவில் கரையேறத் தொடங்கின. கடலியலாளர் கர்டிஸ் எபஸ்மையர் அவற்றைக் கொண்டே நீரோட்டக் கணக்கைச் சரிபார்த்தார்.

அடுத்து வந்ததுதான் ஆர்கோ. ஆளுயர உருளை, 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடியே மேலே வரும். உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் ஏறும், திரும்ப இழுத்தால் இறங்கும். இவ்வளவுதான் சூட்சுமம். 2007இல் உலகக் கடல்களில் இந்த மிதவைகளின் எண்ணிக்கை 3,000ஐ எட்டியது.

இந்தியா ஆர்கோ திட்டத்தில் 2002இல் சேர்ந்தது. பின்னாளில் இஸ்ரோ தலைவரான கே. ராதாகிருஷ்ணன் அப்போது இன்காய்ஸ் இயக்குநர். நமக்கு இதில் ஆதாயம் அதிகம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேல் மூடிபோலப் படர்ந்து, வெப்பத்தைக் கீழே பிடித்துவைக்கிறது. புயலுக்குத் தீனி அங்கேதான் இருக்கிறது. செயற்கைக்கோளின் கண் அந்த ஆழத்துக்கு எட்டாது; மிதவை எட்டும். புவி சூடாவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதிலும் பெரும்பங்கு இந்த உருளைகளுக்கே.

பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலான மிதவைகளை யாரும் தேடிப் போவதில்லை. அவை அனுப்பிய அளவுகள் மட்டும் இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். குஷாய்குடாவில் இருந்தாலும் குளச்சலில் இருந்தாலும் நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.