மின் இழுவை

மின் இழுவை என்பது தொடர்வண்டி, டிராம் போன்ற ஊர்திகளை மின்னோடிகளின் விசையால் இயக்கும் முறையாகும். பொறியியல் முதலாண்டு மாணவர்கள் பயன்பாட்டு இயற்பியலில் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் இயக்கவியலும் மின்காந்தவியலும் இதில் ஒருங்கே செயற்படுகின்றன. தமிழ்நாட்டில் மின்மயமாக்கப்பட்ட முதல் தொடர்வண்டித் தடமான சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர்த் தடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வரலாறு

சென்னையில் மின் டிராம் 1895-இலேயே ஓடத் தொடங்கியது. தென்னிந்திய இரயில்வே நிறுவனம் கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதையில் 1931-இல் மின்தொடர்வண்டிகளை இயக்கியது. பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த 1831-க்குச் சரியாக நூறாண்டுகள் கழித்து இது நிகழ்ந்தது. எனினும் அத்தடத்தில் பயன்பட்டது 1500 வோல்ட் நேர்திசை மின்னோட்டமே. 1960களின் பிற்பகுதியில் தடம் 25 கிலோவோல்ட், 50 ஏர்ட்சு மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. மீட்டர் பாதைச் சேவை 2004-இல் நிறுத்தப்பட்டு, இப்போது அகலப்பாதை வண்டிகள் மட்டுமே ஓடுகின்றன. 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவப்பட்ட எம்.ஐ.டி. பொறியியற் கல்லூரி இத்தடத்தை ஒட்டியே அமைந்துள்ளது.

இயக்கவியல்

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவில் நிலையங்கள் நெருக்கமாக உள்ளன. சராசரியாக 2 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் வண்டி நின்று புறப்பட வேண்டும். ஆகவே புறநகர் வண்டிக்கு உச்ச வேகத்தைவிட முடுக்கமே முக்கியம்.

கணக்கீட்டுக்காக 400 டன் நிறையுள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். அதற்கு நொடிக்கு நொடி 0.5 மீட்டர் முடுக்கம் தர, நியூட்டனின் இரண்டாம் விதிப்படி 200 கிலோநியூட்டன் விசை தேவை. மின்னோடி எவ்வளவு வலிமையுடையதாயினும், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வு அனுமதிக்கும் அளவே விசை கிடைக்கும். அதை மீறினால் சக்கரம் வழுக்கிச் சுழலும். உராய்வுக் குணகம் 0.2 எனில், அந்த 400 டன்னில் 100 டன் எடையுள்ள ஒற்றை எஞ்சின் தரக்கூடிய விசை 196 கிலோநியூட்டன் மட்டுமே. மாறாக, மின்னோடிகளை இடையிடையே உள்ள பெட்டிகளில் பொருத்தி, மொத்த எடையில் மூன்றிலொரு பங்கு இயங்கு அச்சுகளின்மேல் விழச் செய்தால் 260 கிலோநியூட்டன் வரை பெறலாம். தாம்பரம் வண்டிக்குத் தனி எஞ்சின் இல்லாததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மழையில் உராய்வுக் குணகம் குறைவதால் இக்கணக்கு மேலும் இறுக்கமாகிறது.

இதே வண்டி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 80 மெகாசூல், அதாவது ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம். உராய்வுத் தடையால் மட்டும் நிறுத்தினால் ஒவ்வொரு நிலையத்திலும் இவ்வளவும் வெப்பமாக வீணாகும். நிறுத்தும்போது மின்னோடியையே மின்னாக்கியாக இயங்கவைத்து, இவ்வாற்றலில் ஒரு பகுதியை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்பும் முறை மீளாக்கத் தடை எனப்படும்.

மின்காந்தவியல்

தொடக்ககால வண்டிகளில் நேர்திசைத் தொடர்ச்சுற்று மின்னோடிகள் இருந்தன. இவற்றில் காந்தப்புலத்தை உண்டாக்குவதும் சுழலியில் பாய்வதும் ஒரே மின்னோட்டம். எனவே இரும்பு காந்தத் தெவிட்டல் அடையாதவரை, திருப்புவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்ப இதைவிட ஏற்ற மின்னோடி அன்று இல்லை. ஆனால் நின்றிருக்கும் மின்னோடியில் எதிர் மின்னியக்கு விசை இல்லாததால் மின்னோட்டம் அளவுக்கு மீறிப் பாயும். அதைக் கட்டுப்படுத்தத் தொடர் மின்தடைகளைச் சேர்த்து, வேகம் கூடக்கூட அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினர். அதுவரை அவை சூடேறி ஆற்றலை வீணாக்கின. தற்கால வண்டிகளில் மின்னணுக் கருவிகள் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் மாற்றித் தர, மூன்று கட்டத் தூண்டல் மின்னோடிகள் இயங்குகின்றன.

1500 வோல்ட்டிலிருந்து 25 கிலோவோல்ட்டுக்கு மாறியதன் பயனை எளிய கணக்கால் அறியலாம். வண்டி 2 மெகாவாட் திறனைப் பெறுவதாகக் கொள்வோம். 1500 வோல்ட்டில் இதற்கு ஏறத்தாழ 1333 ஆம்பியர் வேண்டும். 25 கிலோவோல்ட்டில் 80 ஆம்பியர் போதும். கம்பியும் தண்டவாளமும் சேர்ந்த மின்தடை 0.1 ஓம் எனில், முதல் நிலையில் இழப்பு 178 கிலோவாட். இரண்டாம் நிலையில் 640 வாட், ஓர் இசுத்திரிப் பெட்டி எடுக்கும் அளவு. (திறன் காரணியும் கம்பியின் தூண்டலும் இங்கே விடப்பட்டுள்ளன.) இழப்பு குறைவதால் துணைமின்நிலையங்களைத் தொலைவில் அமைக்கலாம், மேல்கம்பியும் மெல்லியதாக இருக்கலாம்.

இதற்கு வழிசெய்வது மின்மாற்றி. மாறாத மின்னோட்டம் மாறாத காந்தப் பாயத்தையே தரும். அதனால் துணைச்சுருளில் மின்னியக்கு விசை தோன்றாது. எனவே நேர்திசை மின்னழுத்தத்தை மின்மாற்றியால் உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது. மாறுதிசையில் 25 கிலோவோல்ட்டை வண்டிக்குள்ளேயே மின்மாற்றி தாழ்த்திவிடுகிறது. சென்னை மெட்ரோவும் இதே மின்னழுத்தத்தில் இயங்குகிறது. அதன் இரண்டாம் கட்டத் திட்டத்தில் மாதவரத்தையும் சிறுசேரி சிப்காட்டையும் இணைக்கும் தடமும் அடங்கும்.

மேல்கம்பியின் அபாயம்

உயர் மின்னழுத்தத்தின் மறுபக்கம் ஆபத்தானது. இந்தியாவில் நின்றிருக்கும் சரக்குப் பெட்டிகளின்மேல் ஏறி உயிரிழந்தவர்களுள் மாணவர்களும் உண்டு. கம்பியைத் தொட்டால்தான் மின்சாரம் தாக்கும் என்பது தவறான நம்பிக்கை. 25 கிலோவோல்ட் என்பது பயனுறு மதிப்பு. உச்ச மதிப்பு 35 கிலோவோல்ட்டைத் தாண்டும். அருகில் வரும் கையோ குடையின் கம்பியோ மின்புலத்தை ஓரிடத்தில் செறிவாக்க, இடையிலுள்ள காற்று மின்காப்புத் தன்மையை இழந்து தீப்பொறி பாயும். மின்னோட்டம் உடல் வழியே பெட்டிக்கும், சக்கரம் வழியே புவியோடு இணைந்த தண்டவாளத்துக்கும் செல்லும். இக்காரணத்தால் இரயில்வே விதிகள், மின்சாரத்தைத் துண்டித்து உரிய அனுமதி பெறாமல் மேல்கம்பிக்கு 2 மீட்டருக்குள் எவரும் பணிபுரியக் கூடாது என்கின்றன.