பௌலைன் முடிச்சு

கயிற்றின் நுனியில் நிலையான கண்ணி அமைக்கும் முடிச்சு. சுருக்குப்போல இழுக்க இழுக்கக் குறுகாது. கனத்த பாரம் தாங்கிய பிறகும் விரலாலேயே அவிழ்த்துவிடலாம். ஆனால் பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இதைப் போடவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது.

ஐரோப்பியப் பாய்க்கப்பல்களில் சதுரப் பாயின் காற்றுப் பக்க ஓரத்தை அணியத்தை நோக்கி இழுத்துப் பிடித்த கயிறே பௌலைன். அதைப் பாயின் ஓர வளையத்தில் கட்டிய முடிச்சுக்கும் அப்பெயரே நின்றது. வர்ஜீனியாக் குடியேற்றத்தால் அறியப்பட்ட ஜான் ஸ்மித், 1627இல் வெளியிட்ட கடற்கலை நூலில் இதைக் குறிப்பிடுகிறார்: பாய் கிழிந்தாலும் கிழியும், முடிச்சு நழுவாது என்பது அவர் துணிபு. மாலுமிகளின் கையில் அது அதற்கு முன்பே புழங்கியிருக்க வேண்டும். நூலில் ஏறும்போது எந்த முடிச்சும் புதிதாக இருப்பதில்லை.

போடும் முறை எளிது. கயிற்றில் ஒரு சிறு வளையம் இட்டு, நுனியை அதனுள் கீழிருந்து மேலே எடுத்து, பாரம் தாங்கும் நீள்கயிற்றைப் பின்புறமாகச் சுற்றி, அதே வளையத்துக்குள் இறக்கி இறுக்க வேண்டும். மீன்வலையின் கண்களைப் பின்னும் முடிச்சும் அமைப்பில் இதுவே.

அமெரிக்க ஓவியர் கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சுக் களஞ்சியத்தில் இதற்கு 1010ஆம் எண். நுனி கண்ணிக்கு வெளியே நிற்கும் இடக்கை வகையும் அந்நூலில் உண்டு. அதைப் பழைய கையேடுகள் மட்டமாகவே மதித்தன. கண்ணியின் இரு பக்கங்களும் எதிரெதிராக இழுபடும்போது அதுவே நன்றாகப் பிடிக்கும் என்பதால் அந்த மதிப்பீடு சரியல்ல.

இம்முடிச்சு வளர்ந்தது சொரசொரப்பான சணல் கயிற்றில். பாதிப் பிடிப்பை நாரே கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் பரவியபோது நிலைமை மாறியது. மெல்லிய, வழவழப்பான, சற்றே விறைத்த கயிற்றில் பாரம் ஏறி இறங்கி ஆடினால் பௌலைன் தானாகவே தளர்ந்துவிடுகிறது. எளிதில் அவிழும் குணம்தான் இங்கே எதிரியாகிறது. ஆகவே மெல்லிய கயிற்றில் தனி பௌலைனை நம்பக் கூடாது. நுனியைத் தாராளமாக நீளம் விட வேண்டும். முதல் வளையத்தை இரண்டு சுற்றாக இடுவது இரட்டைப் பௌலைன். நுனியைக் கண்ணியின் ஒரு காலைச் சுற்றித் திருப்பி, நீள்கயிற்றின் பக்கமாக முடிச்சுக்குள் மறுபடி செருகுவது யோசெமிட்டி வகை. ஒன்று தளர்வைக் குறைக்கும். மற்றது நுனியைப் பூட்டும்.

மலையேறிகள் ஒரு காலத்தில் பௌலைனை இடுப்பிலேயே நேராகக் கட்டிக்கொண்டார்கள். உடல்பட்டை வந்த பிறகு எட்டு வடிவ முடிச்சு முன்னேறியது. சரியாகப் போட்டிருக்கிறதா என்பதைத் துணையாள் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம் என்பது முக்கியக் காரணம். கடும் விழுகைக்குப் பின் அது இறுகிப்போய் அவிழ மறுக்கும். அந்தத் தொல்லைக்காகவே அனுபவமுள்ள சிலர் இன்றும் நுனி பூட்டிய இரட்டைப் பௌலைனையே கட்டுகிறார்கள்.