ஏணி இரண்டாய்ப் பிரிந்த வரலாறு

செருமனி நாட்டுத் தூபிங்கன் நகரில், நெக்கார் ஆற்றங்கரை மேட்டிலே பழைய கோட்டை ஒன்று உண்டு. அதன் சமையற்கூடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இரசாயன ஆய்வுகூடமாக மாறியது. 1869ஆம் ஆண்டில் அங்கு பணிபுரிந்த பிரெடரிக் மீசர் என்னும் சுவிற்சர்லாந்து இளைஞர், அண்மையிலிருந்த மருத்துவமனையிலிருந்து புண்களுக்குக் கட்டிக் கழித்த துணிகளைக் கேட்டு வாங்கினார். பிறர் முகஞ்சுளித்து எறியும் சீழே அவர் நாடிய பொருள். சீழ் என்பது பெரும்பாலும் வெண்குருதிக் கலங்களின் திரளேயாதலின், உயிர்க்கலத்தின் கருவை ஆராய்வதற்கு அதனினும் எளிதான மூலம் வேறில்லை. அக்கருவினின்று அவர் பிரித்தெடுத்த பொருள் புரதம் போன்றதன்று. அதிற் பொசுபரசு மிகுந்திருந்தது. அவருடைய ஆசிரியர் ஹொப்பே சைலர் இதனை எளிதில் நம்பினாரல்லர். தாமே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த பின்னரே 1871இல் அச்சேற இடங்கொடுத்தார். இன்று டி.என்.ஏ. என்று உலகம் வழங்கும் பொருள் இவ்வாறே வெளிச்சத்துக்கு வந்தது.

அதன் பின்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பொருளைப் பெரிதாக மதித்தவர் சிலரே. பரம்பரை இயல்புகளைத் தாங்கி நிற்பது புரதமே என அறிஞர் பலர் எண்ணினர். புரதத்தில் இருபது வகை உறுப்புக்கள் உள, டி.என்.ஏ.யிலோ அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களே உள. நான்கெழுத்தால் இத்துணைப் பெரிய நூலை எழுதுதல் கூடுமோ என்பது அவர்தம் ஐயம். 1944இல் நியூயோர்க்கில் ஒஸ்வால்ட் ஏவறியும் அவர்தம் துணைவர் இருவரும் ஒரு வகை நிமோனியாக் கிருமியின் டி.என்.ஏ.யைத் தூய்மையாக எடுத்து மற்றொரு வகைக் கிருமிக்கு ஊட்டினர். ஏற்ற கிருமியும் அதன் சந்ததியும் முதற் கிருமியின் இயல்பைப் பெற்றன. ஐயம் அப்போதும் முற்றாக நீங்கவில்லை. சில ஆண்டுகளின் பின் எர்வின் சார்காவ், எவ்வுயிரை எடுத்தாலும் அடினினும் தைமினும் ஓரளவாகவும், குவானினும் சைற்றோசினும் ஓரளவாகவும் இருத்தலைக் கண்டார். ஏன் அவ்வாறு என்பதற்கு அவரிடம் விடை இருக்கவில்லை.

விடை எக்ஸ் கதிர்ப் படங்களில் இருந்தது. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1951இல் பணியேற்ற றொசலின்ட் பிராங்ளின் அம்மையார் அத்துறையிற் கைதேர்ந்தவர். தலைமயிரிலும் மெல்லிய டி.என்.ஏ. இழையில், ஈரப்பதனை அளந்து மாற்றி, பல மணிநேரம் கதிர்களைச் செலுத்திப் படம் எடுப்பது அவர் முறை. 1952 மே மாதத்தில், அவருடைய மேற்பார்வையில் மாணவர் றேமண்ட் கோஸ்லிங் எடுத்த ஐம்பத்தோராவது படத்திலே, கரும்புள்ளிகள் சிலுவைபோற் குறுக்காக அமைந்திருந்தன. சுருள் வடிவமுடைய பொருள் ஒன்றே அத்தகைய கோலத்தைத் தரும்.

1953 சனவரி இறுதியில் மொறிஸ் வில்கின்ஸ் அப்படத்தைக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஜேம்ஸ் வற்சனுக்குக் காட்டினார். பிராங்ளின் அம்மையாரின் அளவுகள் அடங்கிய அறிக்கையொன்றும் பிரான்சிஸ் கிறிக்கின் கைக்கு எட்டியது. இவை யாவும் அம்மையார் அறியாமலே நடந்தன. வற்சன், கிறிக் இருவரின் கூர்மதியை யாரும் மறுக்கவியலாது. ஆயினும், ஒருவர் வருந்தி உழைத்து ஈட்டியதை அவருக்குச் சொல்லாமற் பயன்கொண்டமை முறையெனக் கூறல் அரிது. 1962இல் நோபெல் பரிசு வற்சன், கிறிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டபோது அம்மையார் இவ்வுலகில் இல்லை. 1958இல், முப்பத்தேழாம் வயதிலேயே, புற்றுநோயால் மறைந்துவிட்டார்.

1953 ஏப்பிரல் 25இல் வெளிவந்த அமைப்பு, முறுக்கிய நூலேணியை ஒத்தது. சீனியும் பொசுபேற்றும் மாறிமாறி அமைந்த இரண்டு கயிறுகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அவற்றை இணைக்கும் படிகளில் அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைற்றோசினும் மட்டுமே பொருந்தும். சார்காவ் கண்ட சமநிலையின் காரணம் இதுவே. ஒரு சென்ரிமீற்றரைப் பத்துக்கோடி கூறாக்கினால், ஏணியின் அகலம் அவற்றுள் 20 கூறு. ஒரு முழு முறுக்கின் நீளம் 34 கூறு. முறுக்கொன்றுக்குப் படிகள் ஏறத்தாழப் பத்து. ஒரு கயிற்றின் எழுத்து வரிசை தெரிந்தால் மற்றதன் வரிசையைத் தவறாமல் எழுதிவிடலாம். பிரதி எடுக்கும் வழியும் அதிலேயே அடங்கியிருப்பதை இருவரும் கட்டுரையின் இறுதியிலே குறிப்பாக உணர்த்தினர்.

ஆனால், உணர்த்துவது வேறு, நிறுவுவது வேறு. மனிதக் கலம் ஒன்றில் ஏறக்குறைய 600 கோடி படிகள், அதாவது 60 கோடி முறுக்குகள் உள. பிரதி எடுப்பதற்கு இத்தனையும் அவிழவேண்டுமே என மக்ஸ் டெல்புறுக் என்னும் அறிஞர் தடை எழுப்பினார். பழைய ஏணி குலையாது நிற்கப் புதியது தனியே பிறக்கலாம். ஏணி இரண்டாய்ப் பிரிந்து, பாதிக்கொரு புதிய பாதி சேரலாம். அன்றிப் பழையதும் புதியதும் துண்டுதுண்டாய்க் கலக்கலாம். இம்மூன்றில் எது உண்மை?

கலிபோர்ணியாவில் மத்தியு மெசல்சன், பிராங்ளின் ஸ்ரால் என்னும் இளைஞர் இருவர் இதற்கு அழகான ஓர் உபாயங் கண்டனர். சாதாரண நைதரசனிலும் பாரமான நைதரசன் ஒன்று உண்டு. அதனை உணவாகக் கொடுத்துப் பற்றீரியாக்களைப் பதினான்கு தலைமுறை வளர்த்தனர், அவற்றின் டி.என்.ஏ. முழுவதும் பாரமாயிற்று. பின்பு அவற்றைச் சாதாரண நைதரசனுக்கு மாற்றினர். சீசியங் குளோரைட்டுக் கரைசலில் டி.என்.ஏ.யை இட்டு, நிமிடத்துக்கு 44,000 சுற்றுக்கு மேலான வேகத்தில் இருபது மணிநேரம் சுழற்றினால், பாரமானது கீழும் பாரங் குறைந்தது மேலுமாகத் தனித்தனிக் கோடுகளாய் நிற்கும்.

ஒரு தலைமுறைக்குப் பின் தோன்றியது ஒரே கோடு, அதுவும் நடுவில். பழைய ஏணி குலையாது நிற்பதாயின் கீழொன்றும் மேலொன்றுமாக இரு கோடுகள் தோன்றியிருக்கவேண்டும். ஆகவே முதல் வழி வீழ்ந்தது. இரண்டாந் தலைமுறையில் நடுவிலொன்று, மேலொன்று என இரு கோடுகள் சம அளவில் நின்றன. துண்டுகளாய்க் கலந்திருப்பின் ஒரே கோடுதான் சிறிது மேலேறியிருக்கும். மூன்றாவது வழியும் வீழ்ந்தது. 1958இல் இம்முடிவு வெளிவந்தது. டெல்புறுக்கின் தடைக்குப் பரிகாரம் பிந்தியே கிடைத்தது: கயிற்றை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும் நொதியமொன்றை 1971இல் ஜேம்ஸ் வாங் அறிவித்தார்.

எழுத்துக்களைக் கோக்கும் நொதியத்தை ஆதர் கோண்பேக் முன்னரே பிரித்தெடுத்து, 1959இல் நோபெல் பரிசும் பெற்றிருந்தார். 1969இல் ஜோன் கெயான்ஸ், அந்நொதியம் பெரிதும் குன்றிய பற்றீரியாவும் உயிர்வாழ்ந்து பெருகுவதைக் காட்டியதும் பெருங்குழப்பம் மூண்டது. உண்மையான பிரதிகாரனைத் தேடிக் கண்டோருள் கோண்பேக்கின் மைந்தர் தோமசும் ஒருவர். தந்தையின் நொதியம் பெரும்பாலும் பழுது பார்ப்பது எனப் பின்னர் தெளிந்தது.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. கயிறுகள் எதிரெதிராக ஓடுகின்றன. நொதியமோ ஒரே திசையில் மட்டும் கோக்கவல்லது. அவ்வாறாயின் இரண்டும் ஒருங்கே பிரதியாவது எங்ஙனம்? யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் றெய்ஜி ஒக்கசாக்கியும் அவர்தம் துணைவியார் ற்சுனெக்கோவும் 1968இல் விடை பகர்ந்தனர். ஒரு கயிறு தொடர்ச்சியாக எழுதப்படுகின்றது. மற்றது பின்னோக்கிச் சிறு துண்டுகளாக எழுதப்பட்டுப் பின்பு ஒட்டப்படுகின்றது. பற்றீரியாவில் அத்துண்டொன்று ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்து நீளமுடையது. ஒக்கசாக்கித் துண்டுகள் என்பது இன்றும் அவற்றின் பெயர்.

றெய்ஜி ஹிரோசிமாவிற் பிறந்தவர்; 1945இல் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல், நாற்பத்துநான்காம் வயதில், இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. இரு குழந்தைகளுடன் தனித்து நின்ற ற்சுனெக்கோ அம்மையார் ஆய்வுகூடத்தைக் கைவிடவில்லை. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு பொருளாலான சிறு முனை இருந்து, பின்னர் நீக்கப்படுவதை உறுதிசெய்யும் வேலை அப்போது அரைகுறையாக நின்றது. அதனை அவரே தொடர்ந்து நடத்தி முடித்தார்.